எந்த வீட்டுப் பிள்ளையார்

எங்கள் புது வீட்டுக் குடிபூரலுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை.

கல்வீடு என்பது அப்போது எங்களுக்குப் பெரிய சொல். போர் முடிந்து முகாமிலிருந்து மல்லாவிக்குத் திரும்பி வந்து மூன்று வருடம் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தவர்கள் நாங்கள். வீட்டுத்திட்டத்தில் இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி கிடைத்தது. பூச்சு வேலை பாதியில் நிற்கும்போதே நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிட்டோம். ஐயர் பூசையை முடித்துப் போய்விட்டார். சனங்கள் விறாந்தையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் அவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒடிசலான உடம்பு, தோய்த்துத் தோய்த்து வெளிறிப்போன நீலச் சேலை, கையில் ஒரு கட்டுப் பொன்னாங்காணி. கீரையை என்னிடம் நீட்டிவிட்டு, "சாமி எங்கங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

சாமியறை என்று தனியாக எங்களுக்கு இல்லை. முன் அறையின் கிழக்குச் சுவரில் சீமெந்துத் தட்டு ஒன்று கட்டி, அதில் என் கணவரின் தாய், மாமி, தன்னுடைய பித்தளைப் பிள்ளையாரை வைத்திருந்தார். ஒரு சாண் உயரம்கூட இல்லாத பிள்ளையார். வந்தவர் அதன் முன்னால் நின்று கும்பிட்டார், தலையில் குட்டிக்கொண்டார். அதுவரைக்கும் சரி. பிறகு இரண்டு கையாலும் பிள்ளையாரைத் தூக்கினார். ஐயர் வைத்த பூ கீழே விழுந்தது. யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பிள்ளையாரைத் தலைகீழாகத் திருப்பி, அடிப்பக்கத்தை உற்றுப் பார்த்தார். சந்தையில் சட்டி வாங்குகிறவர்கள் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்களே, அப்படி.

"இது எந்த வீட்டுச் சாமிங்க?"

"எங்கட வீட்டுச் சாமிதான்," என்றார் மாமி. "பரம்பரைச் சாமி."

மாமி எதையும் ஆறுதலாகச் சொல்கிறவர். அன்றைக்கு மட்டும் கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. வந்தவர் மாமியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிள்ளையாரைப் பழையபடி வைத்தார், விழுந்த பூவை எடுத்துத் தலையில் வைத்தார், சாப்பிடச் சொல்லியும் நிற்காமல் போய்விட்டார்.

"ஆர் உவா?" என்று என் கணவர் கேட்டார்.

பக்கத்து வளவுக்காரி சொன்னாள்: "குளக்கட்டடியில இருக்கிற கீரைக்காரி. குடிபூரல் எண்டா மணம் பிடிச்சுக்கொண்டு வந்திடுவா. கண் வைக்கத்தான் வாறது."

அப்படித்தான் எனக்கு அவரைத் தெரிய வந்தது. அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. ஊரில் பாதிப்பேருக்கு அது தெரிந்திருக்கவும் இல்லை. சின்ன வயதில் மலைநாட்டில் ஏதோ தோட்டத்திலிருந்து தாய் தகப்பனோடு வன்னிக்கு ஓடி வந்தவராம். நாற்பது வருடத்துக்கு மேல் எங்கள் பக்கத்திலேயே இருந்தும் அவருடைய பேச்சில் அந்த மலைநாட்டுச் சாயல் போகவில்லை. சனங்கள் அவரை நம்பாததற்கு அதுவும் ஒரு காரணம். எனக்கும்தான். முன்பள்ளியில் பிள்ளைகளுக்கு எல்லாரும் ஒன்று என்று படிப்பித்துவிட்டு வருகிற நான், "மலைநாட்டுச் சனம், எங்களுக்கென்ன தெரியும்" என்று வீட்டில் சொன்னது நினைவிருக்கிறது.

அந்த வருடங்களில் வாரத்துக்கு ஒரு வீடு குடிபூரல். எல்லா வீட்டுக்கும் அவர் போனார். எல்லா வீட்டிலும் சாமியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். ஒரு வீட்டில் நடராசரைத் திருப்பியபோது அடியில் கடை விலைத் துண்டு ஒட்டியபடியே இருந்ததாம். "கடைச் சாமி. நல்லதுங்க, வில்லங்கமில்ல," என்று சொல்லிவிட்டுச் சந்தோசமாக அந்த வீட்டில் மட்டும் பாயசம் குடித்தாராம். வீட்டுக்காரருக்கு வந்த கோபம் ஒரு மாதம் ஆறவில்லை. இன்னொரு வீட்டில், "சாமிய வீட்டுக்குள்ள கூப்பிடுறதுக்கு முன்னாடி, எங்கேருந்து வர்றீங்கன்னு கேக்க வேணாமா? மனுசங்கள அப்படித்தானே கேக்குறோம்," என்று கேட்டாராம். எங்கேயிருந்து வருகிறீர்கள் என்ற கேள்வி எங்கள் ஊரில் லேசான கேள்வி இல்லை. சோதனைச் சாவடிகளில் வருடக்கணக்காகக் கேட்கப்பட்ட கேள்வி அது. சனங்களுக்கு அது பிடிக்கவில்லை.

பழைய இரும்பு, பித்தளை வாங்குகிறவர்கள் லொறியில் வந்து போன காலம் அது. ஒரு வீட்டுக் குத்துவிளக்கு காணாமல் போனது. இரண்டு கிழமைக்கு முன்னர்தான் அவர் அந்த வீட்டுக்குப் போயிருந்தார். அது போதுமாக இருந்தது. வவுனியாவில் பித்தளை வாங்குகிற ஒரு வியாபாரிக்கு அவர் வேவு பார்க்கிறார், நல்ல பழைய சிலையா என்று அடியைப் பார்த்துச் சொல்கிறார், பிறகு ஆள் வந்து எடுத்துப் போகிறான் என்று கதை பரவியது. யாரும் கண்ணால் கண்டதில்லை. நானும் அந்தக் கதையை நாலு பேருக்குச் சொன்னேன்.

எங்கள் வீட்டுக்கு மட்டும் அவர் திரும்பத் திரும்ப வந்தார். மூன்று வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு முறையும் நாலு செவ்வரத்தம்பூ கொண்டு வந்தார். தட்டுக்கு முன்னால் நிற்பார், பிள்ளையாரைப் பார்ப்பார், பிறகு மாமியைப் பார்ப்பார். ஒன்றும் கேட்கமாட்டார். மாமி அந்த நேரம் குசினிக்குள் போய் வேலை இல்லாத வேலை ஒன்றைச் செய்துகொண்டிருப்பார். மூன்றாம் வெள்ளிக்குப் பிறகு என் கணவர் முன் யன்னலுக்குக் கம்பி போட்டார்.

"உவா எங்கட பிள்ளையாரிலதான் கண் வைச்சிருக்கிறா," என்றார். "நீ முன்பள்ளிக்குப் போற வழிதானே. ஒருக்கா எட்டிப்பார், என்னதான் வைச்சிருக்கிறா எண்டு."

எட்டிப் பார்ப்பதற்கு நான் ஒரு பொய்யோடு போனேன். கீரை வேண்டும் என்று படலையில் நின்று கூப்பிட்டேன். அவர் தோட்டத்தின் பின்பக்கம் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். "இருங்க தங்கச்சி, பிடுங்கிட்டு வர்றேன்," என்று அங்கிருந்தே சொன்னார். கதவு திறந்திருந்தது. நான் உள்ளே போனேன்.

தகரக் கூரைபோட்ட ஒற்றை அறை. சுவரோரம் ஒரு நீளப் பலகை. பலகை முழுக்கச் சாமிகள். கரிபிடித்த வேல் ஒன்று. கண்ணாடி உடைந்த லட்சுமி படம். கையொன்று உடைந்த மாதா சொரூபம். சின்னதும் பெரிதுமாகப் பிள்ளையார்கள், ஒரு அம்மன் முகம், சிலுவையொன்று. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரேயொரு விளக்கு. கதை உண்மைதான் என்று நினைத்தேன். கீரைக்கு நிற்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் ஊர்ச் சங்கத்துத் தலைவரும் என் கணவரும் இன்னும் ஏழெட்டுப் பேரும் அவருடைய வளவுக்குப் போனார்கள். நானும் பின்னால் போனேன், பார்த்த சாட்சி நான்தானே. அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. கதவை அகலத் திறந்துவிட்டு வாசலில் நின்றார்.

"எங்கால எடுத்தனீங்கள் இவ்வளவும்?" என்று தலைவர் கேட்டார்.

"கிடந்துச்சுங்க. எடுத்தேன்."

"எங்க கிடந்தது?"

"ரோட்டோரம், இடிஞ்ச வீட்டுக்குள்ள, பத்தைக்குள்ள. நாங்கதான் இந்தப் பக்கம் மொதல்ல திரும்பி வந்தோம். லொறிக்காரன் எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி எடுத்து வச்சேன். யாரு வீட்டுதுன்னு தேடுறேன்."

"தேடுறியளோ, விக்கிறியளோ?" என்று ஒருவர் கேட்டார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"சரி, இனி இது உங்களுக்கெதுக்கு," என்றார் தலைவர். "எல்லாத்தையும் கோயிலில குடுப்பம். மாதாவையும் சிலுவையையும் சேர்ச்சில குடுப்பம்."

"கோயில்ல வச்சா கோயில் சாமி ஆயிடும்," என்றார் அவர். "அப்புறம் வீட்டுக்காரங்க வந்து எங்க வீட்டு சாமியக் குடுங்கன்னு யாருகிட்ட கேப்பாங்க?"

குரலை உயர்த்தவில்லை. ஆனால் வாசலை விட்டு விலகவும் இல்லை. என் கணவர் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருப்பார் என்றே நினைக்கிறேன். அந்த நேரத்தில் ரோட்டில் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிவிட்டு ஒருவர் வந்தார். முள்ளியவளைப் பக்கத்திலிருந்து துணிப்பொதியோடு வருகிற முஸ்லிம் வியாபாரி. ஊரில் எல்லாருக்கும் அவரிடம் துணி வாங்கிப் பழக்கம்.

"உவவை விடுங்கோ," என்றார். "எங்கட வாப்பா வீட்டில ஓதுற வசனம் எழுதின கண்ணாடிச் சட்டம் ஒண்டு தொங்கினது. தொண்ணூறில முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டு அனுப்பேக்க நாங்கள் கையில ஒண்டும் கொண்டு போகேல்லை. அந்தச் சட்டத்தை உவா வைச்சிருந்து எனக்குத் தந்தவா. எத்தினை வருசம் வைச்சிருந்தவா எண்டு நினைச்சுப் பாருங்கோ. எத்தினை இடம்பெயர்வு."

"சும்மா தந்தவாவோ?" என்று தலைவர் கேட்டார்.

வியாபாரி சிரித்தார். "சும்மா தரேல்லை. சட்டத்திட எந்த மூலை உடைஞ்சது எண்டு கேட்டவா. எனக்குத் தெரியேல்லை. உம்மாட்டப் போய்க் கேட்டுக்கொண்டு வந்து சொன்ன பிறகுதான் தந்தவா. என்னைக் கள்ளனைப் பாக்கிற மாதிரிப் பாத்தவா."

கூட்டம் கலைந்தது. ஆனால் சந்தேகம் கலையவில்லை. ஒன்றைத் திருப்பிக் கொடுத்துப் பேர் எடுத்தால் பத்தை விற்கலாம் என்று திரும்பி வரும் வழியில் என் கணவர் சொன்னார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. வாசலில் நின்று அவர் என்னை ஒருமுறை பார்த்த பார்வை மட்டும் கொஞ்சம் குத்தியது. முந்தின நாள் எனக்கென்று பிடுங்கிய கீரைக்கட்டு படலையில் வாடிக் கிடந்தது.

வீட்டுக்கு வந்து நடந்ததை மாமிக்குச் சொன்னேன். மாமி அரிசி கொழித்துக்கொண்டிருந்தவர் சுளகைக் கீழே வைத்துவிட்டார். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. பின்னேரம் என்னையும் என் கணவரையும் கூப்பிட்டு இருத்தினார்.

"அது எங்கட பிள்ளையார் இல்லை," என்றார்.

கடைசி இடம்பெயர்வில் மாமியும் அவருடைய பிள்ளைகளான என் கணவரும் மகளும் கண்டாவளைப் பக்கம் ஒரு வெறும் வீட்டில் மூன்று நாள் தங்கியிருந்தார்களாம். என் கணவர் அப்போது காலில் காயத்தோடு காய்ச்சலில் கிடந்ததால் அவருக்கு ஒன்றும் நினைவில்லை. வீட்டுக்காரர் அவசரத்தில் போயிருக்கிறார்கள். அடுப்பில் சட்டி இருந்தது, சாமித்தட்டில் பிள்ளையார் இருந்தார். மாமி மூன்று நாளும் அவருக்கு விளக்கு வைத்தார். நாலாம் நாள் செல் குண்டுகள் அந்த ஒழுங்கைக்கே வந்துவிட்டன. ஓடும்போது மாமி பிள்ளையாரைத் தூக்கி மடியில் கட்டிக்கொண்டார்.

"ஏன் தூக்கினனான் எண்டு இண்டைக்கும் தெரியாது. என்ர பிள்ளையளைக் காப்பாத்து எண்டு கேட்டனான். காப்பாத்தினார். பிறகு எப்பிடித் திருப்பிக் குடுக்கிறது?"

"குடுக்கத் தேவையில்லை," என்றார் என் கணவர். "அவர் எங்களோட வந்தவர். வரவேணும் எண்டுதானே வந்தவர். இப்ப இவளும் அஞ்சு மாசம். இந்த நேரத்தில வீட்டுச் சாமியை வெளியில குடுக்கிறதோ? அதுவும் அவாட்டயோ? அவாவின்ர சாமி எண்டு என்ன நிச்சயம்?"

"அவாவின்ரயோ இல்லையோ எனக்குத் தெரியாது," என்றார் மாமி. "என்ர இல்லை எண்டு தெரியும். குடிபூரலண்டு எல்லாருக்கும் முன்னால பரம்பரைச் சாமி எண்டு பொய் சொன்னனான். பொய்யைச் சொல்லி எப்பிடிச் சாமியை வீட்டுக்குள்ள கூப்பிடுறது? மூண்டு வெள்ளியும் அவா என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவா. எனக்கு ஏலாது."

அடுத்த நாள் காலையில் மாமி பிள்ளையாரைப் புதுத் துவாயில் சுற்றி எடுத்தார். நானும் கூடப் போனேன். குளக்கட்டடிக்கு இருவரும் நடந்தே போனோம். மாமி வழியெல்லாம் அழுதார். அங்கே அவர் கீரைப் பாத்தியில் குந்தியிருந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டு எழும்பி, கையைச் சேலையில் துடைத்தார்.

"இது நான் எடுத்தது. எங்கட இல்லை," என்றார் மாமி.

"தாங்க," என்றார் அவர்.

அவ்வளவுதான். நன்றி இல்லை, ஆறுதல் இல்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு, எங்கே எடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டார். மாமி சொன்னார்: கண்டாவளை, வாய்க்கால் தாண்டி வளைவில் ஒரு வீடு, முன்னால் நெல்லி மரம், நீலக் கதவு. அவர் அதைத் தனக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. ஐந்து மாத வயிற்றோடு வீட்டுச் சாமியைக் கொண்டுவந்து கொடுக்கிறோம், ஒரு சொல் சொல்லக்கூடாதா? என் கணவர் சொன்னது: "கெட்டிக்காரி. கேக்காமலே வாங்கிப்போட்டா."

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் வீட்டில் எது நடந்தாலும் வெறுமையாகக் கிடந்த அந்தத் தட்டைத்தான் எல்லாரும் பார்த்தோம். லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பழுதானது. எனக்குக் கால் வீங்கியது. வயலில் பன்றி இறங்கியது. ஒவ்வொன்றுக்கும் நான் மனதுக்குள் அவரைத் திட்டினேன். முன்பள்ளிக்குப் போகும்போதெல்லாம் சைக்கிளை மெதுவாக்கி அவருடைய வாசலைப் பார்ப்பேன். பிள்ளையார் பலகையில் இருந்தார். இருக்கிறார், இன்னும் விற்கவில்லை என்று ஒருநாள் நிம்மதியாகவும், எப்போது விற்கப்போகிறாரோ என்று மறுநாள் பதற்றமாகவும் இருக்கும். மகள் பிறந்தாள். ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகும் என் சந்தேகம் குறையவில்லை.

மகளுக்கு ஏழு மாதம் இருக்கும்போது ஒரு மனிதர் எங்கள் படலையில் வந்து நின்றார். வெள்ளைச் சேர்ட்டு, சாரம், கையில் பஸ் பயணத்துக்கான சின்னப் பை.

"இஞ்ச கீரை விக்கிற அம்மா ஒராள் இருக்கிறாவாம். வீடு எதெண்டு தெரியுமோ?"

"என்ன விசயம்?"

"நான் கண்டாவளை. எங்கட வீட்டுப் பிள்ளையார் அவாட்ட இருக்குதாம். மல்லாவிச் சந்தைக்கு வாற மரக்கறி லொறிக்காரரிட்ட எல்லாம் சொல்லி விட்டிருக்கிறா. வளைவு வீடு, நெல்லி மரம், நீலக் கதவு எண்டு. எங்கட ஒழுங்கை ஆள் ஒராள் கேட்டு வந்து சொன்னவர்."

என் முதல் எண்ணம் என்னவென்று மறைக்காமல் சொல்கிறேன். பிடிபட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். தன்னுடைய சாமி என்று எங்களிடம் வாங்கியவர் இப்போது உண்மையான சொந்தக்காரருக்கு முன்னால் முழிக்கப்போகிறார். அதைப் பார்ப்பதற்காகவே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாமியையும் கூட்டிக்கொண்டு அந்த மனிதரோடு போனேன்.

அவர் முழிக்கவில்லை. அந்த மனிதரை வாசலிலேயே நிற்கவைத்தார்.

"அடியில என்னங்க இருக்கும்?" என்று கேட்டார்.

"அடியிலயோ?" மனிதர் யோசித்தார். "பேர் ஒண்டும் வெட்டேல்லை. ஒரு பக்கம் தார் அப்பிக் கிடக்கும். நேரா நிக்காமல் ஆடுறவர். ரோட்டு வேலைக்கு வந்தவங்களிட்டத் தார் வாங்கி என்ர மனுசிதான் அப்பினவா."

நான் அந்தத் தாரை அறிவேன். பிள்ளையாரைப் புளி போட்டு விளக்கும்போது அழுக்கு என்று நினைத்துக் கத்தியால் சுரண்டிப் பார்த்திருக்கிறேன். அவர் உள்ளே போய்ப் பிள்ளையாரைக் கொண்டுவந்து அந்த மனிதரின் கையில் கொடுத்தார். மனிதர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வளவின் மூலைக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"அப்ப இது உங்கட இல்லையோ?" என்று கேட்டேன்.

"என்னதுன்னு நான் எப்ப சொன்னேன்?"

"பிறகேன் எங்களிட்ட வாங்கினீங்கள்? அவர் வரும்வரைக்கும் எங்கட வீட்டிலயே இருந்திருக்கலாம்தானே. ஏழு மாதப் பிள்ளையோட நாங்கள் வெறும் தட்டைப் பாத்துக்கொண்டு..."

அவர் என்னை நேராகப் பார்த்தார். "உங்க வீட்டுலயே இருந்து, இவரு வந்து கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க தங்கச்சி? பரம்பரைச் சாமின்னுதானே சொல்லியிருப்பீங்க?"

மாமி சொல்லியிருக்கமாட்டார். என் கணவர் சொல்லியிருப்பார். நானும் பக்கத்தில் நின்று ஓம் என்று தலையாட்டியிருப்பேன். அவ்வளவு நாளும் நான்தான் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் எங்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சந்தேகத்துக்கு ஆதாரம் இருந்தது.

அந்த மனிதர் எங்களையெல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை நாங்கள் பஸ்ஸில் கண்டாவளைக்குப் போனோம், மாமி, நான், குழந்தை, அவர். என் கணவர் வரவில்லை. பழைய வீடு இல்லை. அதே இடத்தில் எங்களுடையதைப்போலவே ஒரு திட்ட வீடு. நெல்லி மரம் பாதி எரிந்து பாதி தளிர்த்து நின்றது. அந்த மனிதரின் மனைவி வாசலில் கோலம் போட்டு, நிறைகுடம் வைத்து, எங்களுக்காகக் காத்திருந்தார். பிள்ளையாரை உள்ளே எடுக்கவில்லை. நாங்கள் வரும்வரை வெளியே ஒரு கதிரையில் வெள்ளைத் துணி விரித்து இருத்தியிருந்தார்கள்.

ஐயர் இல்லை, மந்திரம் இல்லை. அந்த அம்மா பிள்ளையாரைத் தூக்கி, வெளியூரிலிருந்து வந்த ஆளோடு கதைப்பதுபோல, "வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ. கன காலம் வெளியில திரிஞ்சிட்டியள். வீடு சின்னன்தான், குறை நினையாதேங்கோ. பிள்ளையள் ரெண்டு பேர் இல்லை இப்ப. நாங்கள் ரெண்டு பேரும்தான் இருக்கிறம்," என்று சொல்லிக்கொண்டே வாசற்படி தாண்டினார். கண்ணீர் வழிந்தது, குரல் உடையவில்லை. எத்தனையோ குடிபூரலுக்குப் போயிருக்கிறேன். ஒரு வீட்டுக்குள் யாரோ வந்து இருந்ததுபோல எனக்குப் பட்டது அங்கேதான்.

மாமி அந்த அம்மாவின் கையைப் பிடித்தார். "மூண்டு நாள் உங்கட வீட்டில இருந்தனாங்கள். நான்தான் தூக்கினனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"மூண்டு நாளும் விளக்கு வைச்சனீங்களோ?"

"வைச்சனான். எண்ணெய் உங்கட குசினியிலதான் எடுத்தது."

"கறுத்தப் போத்தலோ?"

"ஓம், மூடி இல்லாதது. சீலை அடைச்சிருந்தது."

"அது நான் அடைச்ச சீலை," என்றார் அந்த அம்மா. இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள், பிறகு அழுதார்கள். எங்களோடு வந்த அவர் இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே வந்தார். பிள்ளையார் ஆடாமல் நிற்கிறாரா என்று விரலால் மெதுவாகத் தட்டிப் பார்த்ததை மட்டும் கண்டேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் மாமி முன் அறையைக் கழுவினார். வெறும் தட்டைத் துடைத்து விளக்கை வைத்தார். கிளிநொச்சியில் நல்ல படமொன்று வாங்கிவருகிறேன் என்று என் கணவர் சொன்னார்.

"பிறகு வாங்கலாம்," என்றார் மாமி. முன்கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்துவிட்டார். "இனித்தான் கூப்பிடலாம்."

சில வருடங்களில் குளக்கட்டடியில் இருந்த அவருக்குக் கண் பார்வை குறைந்தது. வவுனியாவிலிருந்து தங்கையின் மகள் வந்து கூட்டிப்போனாள். போவதற்கு முன்னர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மற்றவையெல்லாம் வீடு சேர்ந்துவிட்டன. சொந்தக்காரர் கிடைக்காதவை மூன்றுதான் மிச்சம். வேல், லட்சுமி படம், மாதா சொரூபம். பழைய சேலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். வாங்குவதற்கு நான் கையை நீட்டினேன்.

"அக்காகிட்டத் தர்றேன்," என்றார். "உங்ககிட்ட இல்ல."

அன்று கீரைக்கென்று போய் அவருடைய வீட்டுக்குள் எட்டிப் பார்த்ததை அவர் ஒருநாளும் என்னிடம் கேட்கவில்லை. மறக்கவும் இல்லை. மாமியைக் கூப்பிட்டு, மாமியின் கையில்தான் கொடுத்துவிட்டுப் போனார். அதன்பிறகு நான் அவரைக் காணவில்லை.

மாமி போன வருடம் காலமானார். இப்போது அந்த மூன்றும் என் பொறுப்பு. சென்ற மாதம் ஒரு பெண் முல்லைத்தீவிலிருந்து பஸ் பிடித்து வந்தார். என்னைவிட இளையவர். மாதா சொரூபத்தைக் கண்டதும், "இது எங்கட அம்மாவின்ர," என்று நிலத்தில் இருந்துவிட்டார்.

நான் கீரைக்காரம்மாவைப்போலவே கேட்டேன். "இஞ்ச கொண்டு வரேக்கயே ஒரு கை உடைஞ்சிருந்தது. எந்தக் கையெண்டு தெரியுமோ?" சொரூபத்தைத் துணியால் மூடிவிட்டுத்தான் கேட்டேன்.

"வலது கை."

உடைந்திருந்தது இடது கை. இல்லை தங்கச்சி, இது வேற ஆரின்ரயோ என்று சொன்னேன். அவர் வாதாடவில்லை. தேத்தண்ணியையும் குடிக்காமல் எழும்பிப் போனார்.

அவர் போன பிறகு சொரூபத்துக்கு முன்னால் நின்றேன். எதிரே நின்று பார்க்கிற எனக்கு உடைந்த கை வலது பக்கம்தான் இருந்தது. மாதாவுக்குத்தான் அது இடது. தாயின் பக்கத்தில் முழங்காலில் நின்று தினம் செபம் சொல்லிய சின்னப்பிள்ளை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கும்? சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு ஓடினேன். பஸ் வந்து நின்றுகொண்டிருந்தது. யன்னலால் அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை வாங்கினார். மடியில் வைத்துச் சேலைத் தலைப்பால் மூடினார். பஸ் புறப்பட்டது.

அது அவருடைய தாயின் மாதாதானா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. கீரைக்காரம்மா இருந்திருந்தால் பஸ்ஸை நிற்கச் சொல்லிவிட்டு இன்னும் ஒரு கேள்வி கேட்டிருப்பார். அது என்ன கேள்வி என்று எனக்குத் தெரியவில்லை.